தெரியாது என்று தயங்காமல் சொல்ல ஓர் இடம்: நம் ஞாயிறு படிப்பு வட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள அறையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை 3 மணி முதல் 6 மணி வரை கூடுகிறோம். தொடக்கநிலைப் பிள்ளைகள் தமிழும் கணக்கும் படிக்கிறார்கள். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை பார்க்கும் தம்பிகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். மூத்தோர் சிலர் கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கவும், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) முன்பதிவு செய்யவும் பழகுகிறார்கள். புதிதாகச் சேர வருகிறவர்கள் வாசலில் நின்றே கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டவை. எழுத்து மட்டும் என்னுடையது.

இங்கே கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

தெரியாமல் தடுமாறுகிறவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. மற்ற நடைமுறைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு சிறுமி பாடப்பகுதியை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். 'மழை' என்பதை 'மளை' என்று வாசித்தாள். பெரியவர் ஒருவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், "மளையா? அது எந்த ஊரில் பெய்கிறது?" என்று கேட்டுவிட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் அந்தப் பத்தியை முடிக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்த வரியின்மேல் வைத்த விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த மூன்று வாரமும் வந்தாள், கணக்குப் போட்டாள். தமிழில் ஒரு சொல் பேசவில்லை.

நான்காம் வாரம் அந்தப் பெரியவர் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் சென்று, "அன்றைக்கு நான் பேசியது தவறு அம்மா" என்றார். பிறகு தம் கைப்பேசியை நீட்டி, வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் வந்திருந்த குறுஞ்செய்தியை வாசித்துக் காட்டச் சொன்னார். அவள் வாசித்தாள். அவர் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நாலைந்து இடத்தில் நாக்கு புரளவில்லை. அவள் சிரிக்கவில்லை, பொறுமையாக மறுபடியும் சொல்லிக்கொடுத்தாள். அன்று மாலையே விட்ட பத்தியைத் திறந்து வாசித்து முடித்தாள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழைத் துணிந்து பேசிப் பார்க்க வாரத்தில் சில மணி நேரமே வாய்க்கிறது. அந்த நேரத்தில் ஒருமுறை கூனிக் குறுகிப் போனால், தமிழ் பேசாமலே காலத்தை ஓட்ட இந்த ஊரில் அவர்களுக்கு எத்தனையோ வழி இருக்கிறது. ஆங்கிலம் படிக்க வரும் தம்பிகளுக்கு அப்படி ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. மேலாளரிடம் பேச வேண்டும், பாதுகாப்பு அறிவிப்பைப் படிக்க வேண்டும். கேட்டால் சிரிப்பார்களோ என்று பயந்து, புரியாததற்கும் தலையாட்டிவிட்டு வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உயரத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அப்படியானால் பிழையைத் திருத்தவே கூடாதா?

திருத்த வேண்டும். திருத்தாமல் விடுவது அவர்களைக் கைவிடுவதற்குச் சமம். எப்போது, எப்படி என்பதில்தான் கவனம் தேவை.

பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கட்டும். பிறகு அவர் சொன்னதையே சரியான வடிவில் நீங்கள் இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். "நேற்று நான் கடைக்குப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால், "ஓ, நேற்றுக் கடைக்குப் போனாயா? என்ன வாங்கினாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த வாக்கியத்திலேயே பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ளும். ழகரம் போன்றவற்றைத் தனியே உட்கார வைத்து, நாக்கின் நுனி எப்படி மேலே மடங்குகிறது என்று காட்டிப் பழக்குங்கள். பத்துப் பேர் நடுவில் அதைச் செய்ய வேண்டாம்.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் தமிழுக்கு உரிய 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழித் தேர்வுக்கு. வாசிப்பும், காணொளி ஒன்றைப் பார்த்து அதைப் பற்றி உரையாடுவதும் அதில் அடக்கம். வாய் திறக்கப் பழகாத பிள்ளை அங்கே திணறும். ஆகவே "தேர்வு வருகிறது, கண்டிப்பாக இருங்கள்" என்று கேட்டுக்கொள்ளும் பெற்றோருக்கும் இதே பதில்தான்: கண்டிப்பு வேண்டும், கேலி வேண்டாம்.

ஆங்கிலம் கலந்து பேசினால் தடுப்பீர்களா?

மாட்டோம். சொல் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லை வைத்து வாக்கியத்தை முடித்துவிடலாம். முடித்த பிறகு பக்கத்தில் இருப்பவர் தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுப்பார். எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளிகளிலேயே நல்ல பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எழுதும்போது எழுத்துத் தமிழ், பேசும்போது பேச்சுத் தமிழ் என்று இரண்டையும் பிள்ளைகள் பிரித்தறிந்தால் போதும்.

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். இங்குள்ள சில சொற்கள் எனக்கு விநோதமாகத் தெரிகின்றன. சொல்லித் திருத்தலாமா?

வேண்டாம் அண்ணா. "தொண்டூழியர் என்றால் என்ன, தன்னார்வலர் என்று சொல்லுங்கள்" என்று ஒருவர் முதல் நாளே பிள்ளைகளிடம் சொன்னார். மறுவாரம் ஒரு பிள்ளை பள்ளிக் கட்டுரையில் 'தொண்டூழியர்' என்பதை அடித்துவிட்டு, எதை எழுதுவதென்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது. இங்கே பள்ளியிலும் நாளிதழிலும் வானொலியிலும் வழங்கும் சொல் தொண்டூழியர். மின்தூக்கி (லிஃப்ட்), உணவங்காடி நிலையம் (பல உணவுக் கடைகள் சேர்ந்த பொது இடம்), இணைப்பாட நடவடிக்கை (பாடத்துக்கு வெளியே பள்ளியில் நடப்பவை) எல்லாம் அப்படித்தான். காலையில் பார்த்தால் "பசியாறியாயிற்றா?" என்று கேட்பது இங்குள்ள மூத்தோருக்கு இயல்பு. அதைக் கேட்டு முகம் மலர்ந்த தஞ்சாவூர்த் தம்பி ஒருவர், "சாப்பிட்டாயா என்பதைவிட இது நன்றாக இருக்கிறதே அக்கா" என்றார்.

மறுபக்கமும் உண்டு. ஊரிலிருந்து வந்தவரின் பேச்சை "நாட்டுப்புறம்" என்று இங்கே பிறந்தவர் யாரும் இளக்காரமாகப் பேசக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கும் இதே மரியாதை. இரண்டு சொல் இருந்தால் வெண்பலகையில் இரண்டையும் எழுதுகிறோம். பள்ளித் தேர்வுக்கு எது வேண்டும் என்பதற்கு அருகில் ஒரு சிறு புள்ளி வைக்கிறோம்.

ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது?

பிள்ளைகள் பெரியவர்களை அண்ணன், அக்கா, ஐயா, அம்மா என்று அழைக்கிறார்கள். 'அங்கிள்', 'ஆண்டி' என்று பழகிய பிள்ளைகள் அப்படியே அழைக்கலாம். பெரியவர்களுக்குள் 'நீங்கள்' கட்டாயம். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறார் என்பதற்காக முப்பது வயது மனிதரை முதல் சந்திப்பிலேயே 'வா, போ' என்று ஒருமையில் பேசுவதை நாங்கள் ஏற்பதில்லை. இதில் விட்டுக்கொடுப்பதும் இல்லை. பழகி நெருங்கிய பிறகு எப்படி அழைத்துக்கொள்வது என்பது அந்த இருவர் விருப்பம்.

தாமதமாக வரலாமா?

வரலாம். கிராஞ்சி விடுதியிலிருந்து பஸ் மாறி வருகிறவர்களுக்கு நேரம் அவர்கள் கையில் இல்லை. ஓசையில்லாமல் உட்காருங்கள், நடந்த பாடத்தைப் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். சொல்லித் தருகிறவர் தாமதமாக வருவதாக இருந்தால் 2 மணிக்குள் குழுவில் தெரிவிக்க வேண்டும்.

வகுப்பில் தூங்கினால் எழுப்பிவிடுவீர்களா?

இந்தக் கேள்வியை ஒரு தம்பி கூச்சத்தோடு கேட்டார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

போன ஆண்டு ஒருவர், சனிக்கிழமை இரவு வேலை முடித்து, காலையில் விடுதிக்குப் போய்த் துணி துவைத்து, வாரத்துக்கான மளிகை வாங்கி வைத்துவிட்டு நேராக இங்கே வந்தார். இறந்தகால வினைகளை எழுதிக்கொண்டிருந்தபோது தலை மேசையில் சாய்ந்துவிட்டது. பேனா கையிலேயே இருந்தது. சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த உயர்நிலை ஒன்று மாணவன், யாரும் சொல்லாமலே அவருடைய நோட்டுப் புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து, பலகையில் இருந்த பன்னிரண்டு வினைகளையும் கோணல்மாணலான பெரிய எழுத்தில் எழுதி வைத்தான். அவர் விழித்தபோது மணி ஐந்தரை. நோட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், அடுத்த அரை மணி நேரமும் அந்தப் பன்னிரண்டையும் அவனிடமே ஒப்பித்தார்.

ஓய்வு நாளில் வரும் மனிதர் தூங்கினால் எழுப்ப மாட்டோம். குறட்டை விட்டால் தோளைத் தொடுவோம், அவ்வளவுதான்.

பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பேசலாமா?

கூடாது. "உன் மகளுக்கு எத்தனை? என் மகனுக்கு இத்தனை" என்ற பேச்சை அறைக்கு வெளியே, நடைபாதையிலும்கூட, தயவுசெய்து தவிருங்கள். பிள்ளைகள் காது எப்போதும் அங்கேதான் இருக்கும். 2019 முதல் பள்ளி அறிக்கைப் புத்தகத்தில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று குறிப்பிடுவதில்லை. 2021 முதல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் ஒரு மாணவரை மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் முறையும் போய், அவரவர் அடைவுநிலை மட்டும் பார்க்கப்படுகிறது. பள்ளிகளே விட்டுவிட்ட பழக்கத்தை ஞாயிற்றுக்கிழமை நாம் மீண்டும் தொடங்க வேண்டாம். போன மாதத்தைவிட இந்த மாதம் பிள்ளைக்கு எது எளிதாகியிருக்கிறது என்று கேளுங்கள், விரிவாகச் சொல்கிறோம்.

பார்த்து எழுதுவது, செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு கட்டுரை எழுதுவது பற்றி?

உதவி பெற்றால் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரின் கணக்கைப் பார்த்துப் புரிந்துகொள்வது படிப்பில் சேர்ந்ததுதான். புரியாமல் படியெடுத்துவிட்டு, தானே செய்ததாகச் சொல்வதில்தான் சிக்கல்.

செயலி எழுதிக் கொடுத்த தமிழ்க் கட்டுரை ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்தாள். மிக அழகான வாக்கியங்கள். 'இன்றியமையாத' என்ற சொல்லை உரக்க வாசிக்கச் சொன்னபோது மூன்றாகப் பிரித்து வாசித்தாள். பொருள் கேட்டபோது விழித்தாள். யாரும் திட்டவில்லை. அந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அதே தலைப்பில் அவளுக்குத் தெரிந்ததை வாயால் சொல்லச் சொன்னோம். பாட்டி வீட்டில் தீபாவளிக்கு முறுக்குச் சுற்றியதைச் சொன்னாள். அதுவே எட்டு வரிக் கட்டுரையானது. அன்றிலிருந்து இதுதான் எங்கள் நடைமுறை: எதை எழுதி வந்தாலும், அதைச் சொந்த வார்த்தையில் விளக்கிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களுக்கும் இதுவே.

சாதி, சமயம், அரசியல் பேசலாமா?

"நீங்கள் எந்த ஆட்கள்?" என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. "எந்த ஊர்?" என்று அன்போடு கேட்பது வேறு; ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அதன் வழியே சாதியைத் துழாவுவது வேறு. கேட்கப்படுகிறவருக்கு வித்தியாசம் முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். அப்படிக் கேட்டவரிடம் அன்றே தனியாகப் பேசுவோம். இரண்டாம் முறை நடந்தால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.

சமயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கேட்கலாம். மாற்ற முயலக் கூடாது. அரசியல் நடப்புகளைப் பிள்ளைகள் பாடத்துக்காகக் கேட்டால் இரு பக்கமும் சொல்லுங்கள். கட்சிப் பிரசாரம் வேண்டாம்.

1989 ஜனவரியில் அதிபர் வீ கிம் வீ நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் நாட்டுக்கான பொது விழுமியங்களாக நான்கு முன்வைக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் பொதுமக்களிடையே விவாதம் நடந்தபின், 1991 ஜனவரியில் நாடாளுமன்றம் ஐந்தாக அவற்றை ஏற்றுக்கொண்டது: தன் சமூகத்தைவிட நாடும் தன்னைவிட சமுதாயமும் முதலில், குடும்பமே சமுதாயத்தின் அடிப்படை, தனிமனிதருக்குச் சமூகத்தின் ஆதரவும் மதிப்பும், பூசலைத் தவிர்த்து இணக்கம் காணுதல், இன, சமய நல்லிணக்கம். தனிமனிதருக்கான மதிப்பு முதல் பட்டியலில் இல்லை. விவாதத்தின் பயனாகப் பின்னர் சேர்ந்தது. எனக்கு அந்த மூன்றாவது வரிமேல் தனிப் பற்று உண்டு. கூட்டத்தின் ஒற்றுமை முக்கியம் என்று சொல்லிச் சொல்லி, அதற்குள் ஒருவர் காயப்படுவதைக் காணாமல் விட்டுவிடும் ஆபத்து நம்மைப் போன்ற சிறு குழுக்களுக்கும் இருக்கிறது.

நல்லிணக்கம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வெறும் ஆடை அலங்காரமாகச் சொல்லிவிடாதீர்கள். பள்ளிகளில் ஜூலை 21 இன நல்லிணக்க நாளாக இருப்பதற்குக் காரணம், 1964இல் அதே தேதியில் இங்கே மூண்ட இனக் கலவரம். மூத்தோர் சிலர் அந்த நாளை நேரில் கண்டவர்கள். பிள்ளைகள் கேட்டால் அவர்கள் சொல்வார்கள். வற்புறுத்த வேண்டாம்.

தின்பண்டம் கொண்டுவரலாமா?

தாராளமாக. சைவம் ஒரு தட்டில், ஹலால் இன்னொரு தட்டில், கரண்டிகளும் தனித்தனி. நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்கள் முன் தின்பண்டத் தட்டு சுற்றி வராது. அந்த வாரங்களில் இடைவேளைத் தேநீரை வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்கிறோம். இங்கே நோன்பு திறக்கும் நேரம் மாலை 7 மணியை ஒட்டியே வருவதால், விரும்புகிறவர்கள் இருந்து சேர்ந்து திறக்கிறார்கள். உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயமாகியிருக்கிறது. இங்கே அபராதம் இல்லை, ஆனாலும் தட்டைக் கழுவி, நாற்காலியை அடுக்கிவிட்டே எல்லோரும் கிளம்புகிறோம். டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பது மட்டும் வேண்டாம்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?

பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் மட்டும் மூடிய அறையில் இருக்க மாட்டார்கள். கதவு எப்போதும் திறந்திருக்கும். அறையில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள். பிள்ளைக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. சொல்ல வேண்டியதைப் பெற்றோரும் இருக்கும் குழுவில் சொல்லுங்கள். வீட்டுக்குத் தனியாக அழைத்துச் செல்வதும், பரிசு கொடுப்பதும் கூடாது. எவ்வளவு நாள் பழகியவராக இருந்தாலும், என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் இதில் விலக்கில்லை.

படம் எடுப்பதென்றால் முன்கூட்டியே கேளுங்கள். 2012ஆம் ஆண்டிலிருந்து தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டுச் செய்யும் மரியாதைக்குச் சட்டம் தேவையில்லை. ஊழியர்கள் சிலர் ஊரில் இருக்கும் குடும்பத்துக்குத் தெரியாமல் எழுதப் படிக்கக் கற்கிறார்கள். அவர் முகம் எங்காவது வெளியானால் அந்த வலி நமக்குப் புரியாது.

கடன் கேட்கலாமா? பொருள் விற்கலாமா?

இரண்டும் வேண்டாம். காப்புறுதி, சீட்டு, கட்டணத் துணைப்பாட வகுப்புக்கு ஆள் சேர்ப்பது எதையும் இங்கே செய்யக் கூடாது. உண்மையான பண நெருக்கடி என்றால் எங்களில் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எந்த உதவி அமைப்பை அணுகலாம் என்று சேர்ந்து பார்ப்போம். உரிமம் இல்லாதவரிடம் வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள் என்று மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சொல்லித் தருகிறவரே மனம் நோகப் பேசினால் யாரிடம் சொல்வது?

வெண்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் மூன்று பேரின் பெயர் இருக்கிறது: ஓர் அக்கா, ஓர் ஊழியர் அண்ணன், ஒரு மூத்தவர். யாரிடம் சொல்ல வாய் வருகிறதோ அவரிடம் சொல்லுங்கள். அந்த மூவரில் ஒருவர்மேலேயே குறை என்றால் மற்ற இருவரிடம் சொல்லுங்கள். கேட்டவர் அதே வாரம் இரு தரப்பிடமும் தனித்தனியாகப் பேசுவார். புகார் சொன்னவரின் பெயரைச் சபையில் போட்டு உடைக்க மாட்டார்.

பெரும்பாலான மனத்தாங்கல்கள் ஒரு மன்னிப்பில் தீர்ந்துவிடுகின்றன. மழை என்று வாசிக்கக் கூசிய சிறுமியின் கதையும் அப்படித்தான் தீர்ந்தது. ஆனால் அடித்தல், பாலியல் தொல்லை, மிரட்டல் போன்றவற்றை நமக்குள் பேசித் தீர்க்க மாட்டோம். "வெளியில் தெரிந்தால் பெயர் கெட்டுவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டோம். உடனடி ஆபத்து என்றால் 999. வன்முறை, பாலியல் தொல்லை தொடர்பாக 1800-777-0000 என்ற தேசிய உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தனியாக அழைக்கத் தயக்கமாக இருந்தால் நாங்கள் பக்கத்தில் இருப்போம்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. பள்ளிப் பிள்ளைகள் அந்த வாரம் எதில் தடுமாறினார்களோ அந்தத் தாளை மட்டும் எடுத்து வந்தால் போதும், முழுப் பையும் வேண்டாம். கட்டணம் இல்லை. செருப்பை வாசலில் இடப்பக்கம் விடுங்கள். வலப்பக்கம் சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கான வழி. தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பவர்கள் மூன்றரைக்குள் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு மொத்தமாகக் கலந்துவிடுவோம்.